நாகதாளியின் சிவப்பு

நாகதாளிப் பழம் தின்பதற்கு ஒரு பக்குவம் உண்டு. கையால் தொட்டுப் பறிக்கக் கூடாது; கவைக்குச்சியால் இடுக்கித் திருகி எடுக்க வேண்டும். தரையில் போட்டுச் செருப்புக் காலால் உருட்டித் தேய்த்தால் கொத்துக் கொத்தாக இருக்கும் சுணை உதிரும். ஒரு சுணை விரலில் ஏறிவிட்டாலும் இரண்டு நாளைக்கு எதைத் தொட்டாலும் சுருக்கென்று குத்தும். பழத்தைப் பிளந்ததும் பூ உதிர்ந்த தலைப்பக்கத்தில் நட்சத்திரம் போல ஒரு முள் தெரியும். அதை நோண்டி எறிந்துவிட்டுத்தான் வாயில் போட வேண்டும். பெரிய ருசி என்று சொல்ல முடியாது. லேசான இனிப்பு, நிறைய விதை. ஆனால் அந்த நிறம்! உதடு, நாக்கு, விரல், சட்டை எல்லாம் ரத்தச் சிவப்பு. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் மலையடிவாரக் காடுகளில் ஆடு மேய்த்து வளர்ந்த பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இந்தச் சிவப்பு நாக்கு கட்டாயம் வந்துவிடும்.

இந்தக் கட்டுரை அந்தச் சிவப்பைப் பின்தொடர்ந்து போகிறது. இச்செடியை இந்தியாவுக்குப் பெருமளவில் கொண்டுவரச் செய்தது ஒரு சிவப்புச் சாயத்தின் மேலிருந்த ஆசை. அதைத் தென்தமிழ்நாட்டின் பொழிகளிலிருந்தும் பொட்டல்களிலிருந்தும் அழித்ததும் சிவப்பை வயிற்றில் சுமந்த ஒரு பூச்சிதான். இந்த வருகைக்கும் அழிவுக்கும் நடுவே ஓவியர்கள் கள்ளியை வரைந்தார்கள். புகைப்படக்காரர்கள் படம் பிடித்தார்கள். அந்தப் படங்களை ஒழுங்காகப் படித்தால் நம் ஊர் நிலத்தின் முகம் நூறாண்டுகளுக்குள் எப்படி மாறியது என்பது புலப்படும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தமிழில் கள்ளி என்று நாம் சொல்வது ஒரு செடியை அல்ல. சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி, சப்பாத்திக்கள்ளி என்று வரிசையாக அடுக்குகிறோம். இதில் கடைசியாகச் சொன்ன சப்பாத்திக்கள்ளி, அதாவது நாகதாளி மட்டும்தான் தாவரவியல்படி கேக்டஸ் குடும்பம். மற்றவை ஆமணக்கு, மரவள்ளியோடு நெருங்கிய உறவுள்ள யூஃபோர்பியா இனங்கள். வித்தியாசம் கண்டுபிடிக்க நுண்ணோக்கி தேவையில்லை. கீறிப் பார்த்தால் போதும். பால் வடிந்தால் நம் பழைய கள்ளி. கொழகொழவென்று நீர் கசிந்தால் அமெரிக்காவிலிருந்து வந்தது. தென்மாவட்டங்களில் ‘கள்ளிப்பால்’ என்ற சொல்லுக்குப் பின்னால் பெண்சிசுக்களின் மரணம் நிற்கிறது. அந்தப் பாவத்தில் நாகதாளிக்குப் பங்கில்லை. அதற்குப் பாலே கிடையாது.

கேக்டஸ் குடும்பம் முழுவதும் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. ஆப்பிரிக்காவிலும் இலங்கைக் காடுகளிலும் மரத்தில் தொங்கி வளரும் ரிப்சாலிஸ் என்ற ஒரே ஒரு இனம்தான் இதற்கு விலக்கு. ஆகவே சங்கப் பாலைத்திணைக் கள்ளி நாகதாளியாக இருக்க முடியாது. இதற்குச் சான்று தேடி வேறெங்கும் போக வேண்டாம், குறுந்தொகையே சாட்சி சொல்கிறது. வெண்பூதி பாடிய 174ஆம் பாட்டில், மழை மறந்த காட்டில் கள்ளிக்காய் வெடிக்கும் சத்தத்துக்குப் பயந்து புறாக்கள் சிதறிப் பறக்கின்றன. யூஃபோர்பியாவின் காய்தான் முற்றிக் காய்ந்ததும் பட்டென்று வெடித்து விதையை எறியும். நாகதாளியின் பழம் சதைப்பற்றானது. எந்தக் காலத்திலும் வெடிக்காது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு புலவரின் காதில் விழுந்த ஒலி இன்று ஒரு தாவர இனத்தை அடையாளம் காட்டுகிறது என்பதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பு அடங்குவதில்லை.

புதிதாக வந்த செடியைக் கண்டதும் நம்மவர்கள் அதன் உருவத்தையும் முள்ளையும் பார்த்து, இருக்கிற பெயரோடு ஒட்டுப்போட்டார்கள். தட்டையான தண்டு படமெடுத்த பாம்பின் தலைபோல இருந்ததால் நாகதாளி. சப்பாத்தி எப்படி வந்தது என்பதற்கு இரண்டு வழி சொல்லலாம். ஒன்று, ரொட்டிபோலத் தட்டையாக இருப்பது. இன்னொன்று, செருப்பைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து தமிழுக்கு வந்த ‘சப்பாத்து’. செம்பருத்தியைச் சப்பாத்துப்பூ என்று சொல்லும் வழக்கம் இருப்பதால் இரண்டாவதைத்தான் என் மனம் ஏற்கிறது.

இனி படங்களுக்கு வருவோம். தாவரவியலுக்குப் பொதுவாக அடிப்படை உலர்தாவரத் தாள். செடியைப் பறித்து, இரண்டு காகிதத்துக்கு நடுவே அழுத்திக் காயவைத்து, ஒட்டி, பெயர் எழுதி வைத்தால் இருநூறு ஆண்டு கழித்தும் எடுத்துப் பார்க்கலாம். கள்ளி இதற்கு இணங்காது. அழுத்தினால் கூழாகும், அழுத்தாமல் விட்டால் பெட்டிக்குள்ளேயே முளைவிடும், எப்படியோ காயவைத்தாலும் உருவம், பருமன், நிறம் மூன்றும் போய்விடும். 1843இல் அன்னா அட்கின்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி கடற்பாசிகளை ஒளியுணர் தாளின்மேல் பரப்பி, வெயிலில் வைத்து, நீலப் படங்களாக நூல் வெளியிடத் தொடங்கினார். புகைப்படங்களைக் கொண்ட முதல் நூல் என்று அதைக் கருதுகிறார்கள். பாசி தாளோடு படிந்து கிடக்கும். கள்ளியைத் தாளில் படியவைக்க யாரால் முடியும்?

அதனால்தான் கள்ளியின் வரலாற்றில் ஓவியனுக்கு ஒரு தனி அதிகாரம் கிடைத்தது. பிரான்சில் அகஸ்டின் டி கண்டோல் 1790களின் இறுதியில் சதைப்பற்றுள்ள தாவரங்களுக்கென்றே ஒரு நூல் வரிசை தொடங்கியபோது படம் வரைந்தவர் ரோஜா ஓவியங்களால் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ரெதூத்தே. நம் வேலியோரத்து நாகதாளியின் அறிவியல் பெயரே ஒரு ஓவியத்தில் வேர் கொண்டது. லண்டனுக்கு அருகே எல்தம் என்ற ஊரில் ஜேம்ஸ் ஷெரார்ட் வைத்திருந்த தோட்டத்துச் செடிகளை யோஹான் டில்லேனியஸ் தானே வரைந்து, தானே செப்புத்தகட்டில் செதுக்கி 1732இல் வெளியிட்டார். அதிலுள்ள ஒரு சப்பாத்திக்கள்ளிப் படத்தைச் சுட்டி, 1818இல் அந்த இனத்துக்கு டில்லேனியஸின் பெயரையே வைத்தார்கள். ஒபன்ஷியா டில்லேனி. ராஜபாளையத்துக் கரையில் ஆட்டின் வாயைக் குத்திய முள்ளுக்கு, எல்தம் தோட்டத்தில் உட்கார்ந்து படம் வரைந்த ஒரு ஜெர்மானியரின் பெயர்.

நம் பக்கத்துப் பழைய கள்ளிகளுக்கோ அதற்கும் ஐம்பது ஆண்டு முன்பே படம் கிடைத்துவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம், கொச்சியில், டச்சு ஆளுநர் ஹென்ட்ரிக் வான் ரீட் தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும் மூன்று கொங்கணிப் பண்டிதர்களும் சொன்ன தகவல், ஐரோப்பிய ஓவியர்களின் கை. இரண்டாம் தொகுதியில் சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன, நம் ஊர்ப் பெயர்களோடு. லின்னேயஸ் 1753இல் உலகத் தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் சூட்டியபோது இந்த நூலைப் பார்த்துத்தான் யூஃபோர்பியா திருக்கள்ளி என்று எழுதினார். செண்பகத்தோப்பின் மலைமுகட்டில் நின்றால் அந்தப் பக்கம் இறங்கும் சரிவு கேரளத்துக்குப் போகிறது. அந்தச் சரிவில் புழங்கிய பெயர் உலகப் பெயராகிவிட்டது; இந்தச் சரிவில் அதே பெயரை இன்றும் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது சாயத்தின் கதை. மெக்சிகோவில் சப்பாத்திக்கள்ளியின் தண்டில் ஒட்டி வாழும் ஒரு சின்னப் பூச்சியைக் காயவைத்துப் பொடித்தால் காச்சினீல் என்ற சிவப்பு கிடைக்கும். ஐரோப்பாவில் படையதிகாரிகளின் சட்டையிலிருந்து ஓவியர்களின் கார்மைன் வண்ணம் வரை இதுதான் ஊறியது. ஸ்பெயின் இதை ஏகபோகமாக வைத்திருந்தது. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் 1786இல் சென்னைப் புல்லில் இதுபோன்ற பூச்சியைக் கண்டேன் என்று லண்டனில் இருந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பூச்சி சாயத்துக்கு உதவவில்லை. ஆனால் ஆசை விடவில்லை. சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டு, மருமகன் ஆண்ட்ரூ பெர்ரியைப் பொறுப்பில் வைத்தார். கம்பெனி உண்மையான பூச்சியைக் கொண்டுவருபவருக்கு 2000 பவுன் பரிசு அறிவித்தது. 1795இல் நீல்சன் என்ற படை அதிகாரி பிரேசிலின் ரியோவில் கப்பல் நின்றபோது பூச்சி ஒட்டிய கள்ளித் துண்டுகளை எடுத்து வந்து கல்கத்தாவில் சேர்த்தார். வந்தது மெக்சிகோப் பூச்சி அல்ல, அதன் மட்டமான உறவு. சாயம் வெளுப்பு, மெழுகு அதிகம். ஆனால் அந்தப் பூச்சிக்கு ஒரு பெரும்பசி இருந்தது. ஒபன்ஷியா மோனகாந்தா என்ற சப்பாத்தி இனத்தை அது தின்று தீர்த்தது. சாயத் தொழில் படுத்துவிட்டது. 1836இலிருந்து 1838க்குள் அந்தப் பூச்சியை வேண்டுமென்றே தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து மோனகாந்தாவை அழிக்கவிட்டார்கள். ஒரு களையை ஒரு பூச்சியால் ஒழிக்கும் முயற்சியாக உலகில் பதிவான மிக முற்பட்ட நிகழ்ச்சிகளில் ஒன்று இது. அந்தப் பூச்சிக்கு டில்லேனி பிடிக்காது. அதனால் டில்லேனி தப்பித்தது. காலியான இடத்தையெல்லாம் பிடித்தது.

ஏறத்தாழ அந்த ஆண்டுகளில்தான் நம் பகுதிக்குப் பக்கத்தில் ராபர்ட் வைட் இருந்தார். 1819இல் உதவி மருத்துவராகச் சென்னை வந்த ஸ்காட்லாந்துக்காரர். 1834இல் விடுப்பு முடிந்து திரும்பியபின் பாளையங்கோட்டைப் படையில் வேலை. அங்கிருந்து குற்றாலத்துக்குப் போய்ச் செடி சேகரித்தார். ராஜபாளையத்திலிருந்து தென்காசிச் சாலையில் போகிற எவரும் அவர் பார்த்த மலைத்தொடரின் நிழலிலேயே போகிறார்கள். 1838இலிருந்து சென்னையில் இரண்டு பெரிய நூல் வரிசைகளை அவர் அச்சிட்டார்: கையால் வண்ணம் தீட்டிய ‘இல்லஸ்ட்ரேஷன்ஸ் ஆஃப் இண்டியன் பாட்டனி’, வண்ணமில்லாக் கோட்டுப் படங்களாக 2101 தகடுகள் கொண்ட ‘ஐகோனஸ்’. முதலாவதில் நம் டில்லேனிக்கு ஒரு வண்ணப்படம் உண்டு. இரண்டாவதில் சதுரக்கள்ளி.

இந்தப் படங்களை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இருவர். பெயர்கள் தெலுங்கு. 1820களின் நடுவிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டு ரங்கையா. 1845ஐ ஒட்டிக் கோவிந்து. வைட் தன் மூலப்படங்களைத் தாய்நாட்டுக்கு அனுப்பினார். எடின்பரோவின் ராயல் பொட்டானிக் கார்டனில் அவை பெரும் தொகுப்பாக இருக்கின்றன. அங்கு பணியாற்றிய ஹென்றி நோல்டி 2007இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட ஆய்வால்தான் இந்த இரண்டு பெயர்களும் வெளிச்சத்துக்கு வந்தன. வைட் நன்றி மறந்தவர் அல்ல. ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரை வைத்தார். ஆனால் தாவரவியல் விதிகளின் ஓட்டத்தில் அந்தப் பெயர் இன்னொரு பேரினத்துக்குள் கரைந்துவிட்டது. நம் பாடநூல்களில் இந்த இருவரின் பெயரும் ஏன் இல்லை என்று நான் பலமுறை நொந்திருக்கிறேன். தஞ்சாவூர் ஓவியத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். ஆயிரக்கணக்கான தென்னிந்தியச் செடிகளை உலகுக்கு அடையாளம் காட்டிய கைகளை விட்டுவிட்டோம்.

கள்ளியை வரைவது எவ்வளவு கடினம் என்பதை ஒரு தண்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். இலை கிடையாது, நரம்பு கிடையாது. ஒரு பச்சைத் தட்டு. அதில் முள் கிளம்பும் புள்ளிகள் சும்மா இறைத்துவிட்டதுபோலத் தெரியும். உற்றுப் பார்த்தால் சாய்ந்த வரிசைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடுகின்றன. அந்த வரிசை பிசகினால் படம் பொய்யாகிவிடும். ஒவ்வொரு புள்ளியிலும் நீள முள், குட்டை முள், சுணைக்கொத்து என்று மூன்று தரம். டில்லேனியின் முள் மஞ்சள். சற்றே வளைந்தது, தட்டையானது. மோனகாந்தாவுக்கு ஒரு புள்ளிக்குப் பெரும்பாலும் ஒற்றை முள், அதனால்தான் அந்தப் பெயர். இந்த முள் கணக்கைப் படத்தில் சரியாகப் போட்டவர்களால்தான் எந்தப் பூச்சி எந்தச் செடியைத் தின்னும் என்று பிற்காலத்தில் சொல்ல முடிந்தது. ஓவியனின் பொறுமை உழவனின் நிலத்தில் பலன் தந்த இடம் இது.

தெலுங்கு பேசுகிற ராஜபாளையத்து வாசகர்களுக்காக இன்னும் இரண்டு பெயர்களைச் சொல்ல வேண்டும். ‘ஐகோனஸ்’ கடைசித் தொகுதியில், 1853இல், யூஃபோர்பியா கத்திமண்டு என்ற பெயருள்ள ஒரு கள்ளி வருகிறது. ஆந்திரக் கரையில் நெடுங்காலம் ஆட்சிப்பணியில் இருந்த வால்டர் எலியட் அனுப்பிய செடி. அதன் பாலைக் காய்ச்சி, கத்தியைப் பிடியில் பதித்து ஒட்டுவார்கள். அந்தத் தொழிலிலிருந்து வந்த தெலுங்குப் பெயர் அப்படியே லத்தீனாகிவிட்டது. மற்றது கள்ளிமுளையான். மழைக்குப் பிறகு பாறையிடுக்கில் விரல்போல முளைக்கும், துவையல் அரைப்பார்கள், மேய்ச்சலுக்குப் போனவர்கள் பச்சையாகவே கடிப்பார்கள். வில்லியம் ராக்ஸ்பரோ 1795இல் வெளியிடத் தொடங்கிய சோழமண்டலக் கரைத் தாவரங்கள் நூலின் முதல் தொகுதியிலேயே இதன் படம் இருக்கிறது. கரலுமா என்ற அதன் அறிவியல் பெயர் தெலுங்கிலிருந்து எடுத்தது. இதுவும் கேக்டஸ் அல்ல, எருக்கின் உறவு. கள்ளி மாதிரி இருப்பதாலேயே தமிழில் கள்ளியின் முளையாயிற்று.

வைட்டின் நூல்களை அச்சிட்டது லித்தோ முறை. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு மசியால் வரைந்து, நீர் தடவி, மை உருட்டி எடுப்பது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்துச் சிவகாசியில் இருபதாம் நூற்றாண்டில் தீப்பெட்டி லேபிளும் பட்டாசு லேபிளும் அச்சானது இதே தொழிலின் தொடர்ச்சியில்தான். கல்லில் படம் எழுதுவது என்றால் என்ன என்பதை இந்த வட்டாரத்துக்கு விளக்கத் தேவையில்லை.

1850களில் கேமரா வந்தது. சென்னை அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் 1858இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சிப் பகுதிகளைப் படம் பிடித்தார். எலியட் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்த அமராவதிச் சிற்பங்களையும் அவர்தான் பிடித்தார். அன்றைய தாள் நெகட்டிவுக்கு வெளிச்சம் நெடுநேரம் பட வேண்டும். காற்றில் ஆடும் வேம்பும் புளியும் புகைபோல மங்கிவிடும். அந்தக் கலவைகளுக்கு நீல ஒளி மட்டுமே நன்றாகத் தெரியும், பச்சை கறுத்துவிடும், வானம் வெறும் வெள்ளையாகிவிடும். அதனால் ட்ரைப் தன் நெகட்டிவ்களில் மரங்களின்மேலும் வானத்தின்மேலும் வண்ணம் பூசித் திருத்தினார். புகைப்படம் உண்மையைச் சொன்னது, ஓவியம் கற்பனை என்று பிரித்துப் பேசுவது எளிது. நம் மண்ணின் மிகப் பழைய புகைப்படங்களிலேயே ஓவியனின் தூரிகை இருக்கிறது.

கள்ளிக்கு இந்தக் கேமரா ஒரு விதத்தில் சாதகம். காற்றடித்தாலும் ஆடாத செடி அது. பழைய படங்களில் மரங்கள் கலங்கிக் கிடக்கும்போது கோட்டைச் சுவரோரத்துக் கள்ளிப் புதர் மட்டும் முள் முள்ளாகத் தெளிவாக நிற்கும். இன்னொரு விதத்தில் அநியாயம். டில்லேனியின் பூ எலுமிச்சை மஞ்சள். காலை வெயிலில் தூரத்திலிருந்தே கண்ணைப் பறிக்கும். நீலம் மட்டும் உணரும் தகட்டில் மஞ்சள் கறுப்பாக விழும். பூத்துக் குலுங்கிய நாகதாளி பழைய படத்தில் கருகிய புதராகத்தான் தெரியும். அந்தப் படங்களைப் பார்த்து ‘வறண்ட, பாழடைந்த நிலம்’ என்று முடிவுகட்டுகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சிக்கலை ஒரு மாபெரும் நூல் இரண்டு கைகளாலும் தீர்த்தது. அமெரிக்காவில் பிரிட்டன், ரோஸ் என்ற இரு அறிஞர்கள் 1919 முதல் 1923 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்ட ‘த கேக்டேசியே’. செடி எந்தத் தரையில், எந்த உயரத்தில், எதன் பக்கத்தில் நிற்கிறது என்பதற்குப் புகைப்படம். பூவின் நிறத்துக்கும் முள்ளின் நுணுக்கத்துக்கும் மேரி ஈட்டன் முதலியோரின் நீர்வண்ண ஓவியம். கேமரா வந்ததும் ஓவியனுக்கு வேலை போய்விட்டது என்று பொதுவாகச் சொல்வார்கள். கள்ளி விஷயத்தில் அப்படி நடக்கவே இல்லை.

இதற்கிடையே உலகமே சப்பாத்திக்கள்ளியால் திணறிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவில் 1920களில் ஏறத்தாழ 6 கோடி ஏக்கரை அது விழுங்கியிருந்தது. அதற்கு மருந்து தேடிக் குயின்ஸ்லாந்து அரசு ஜான்ஸ்டன், ட்ரையன் என்ற இருவரை 1912இலேயே உலகம் சுற்ற அனுப்பியிருந்தது. அவர்கள் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தார்கள். மோனகாந்தாவைத் தின்ற நம் பழைய பிரேசில் பூச்சி இங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போனது. மற்ற இனங்களுக்கு அது உதவாததால் 1925இல் அர்ஜென்டினாவிலிருந்து ஒரு அந்துப்பூச்சியைக் கொண்டுபோனார்கள். அந்துவின் புழுக்கள் தண்டைக் குடைந்து சில ஆண்டுகளில் காட்டையே சாய்த்தன. ஆஸ்திரேலியர்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம், ஒரே இடத்தில் கேமராவை வைத்து முன்னும் பின்னும் படம் எடுத்தது. ஆளை மறைக்கும் கள்ளிக்காடு ஒரு படம். அதே இடத்தில் மேய்ச்சல் புல் அடுத்த படம். உலகம் முழுக்க அந்த ஜோடிப் படங்கள் பாடநூல்களில் ஏறின. பூனார்கா என்ற ஊரில் 1936இல் அந்துப்பூச்சியின் பெயரால் ஒரு நினைவு மண்டபமே திறந்தார்கள்.

தமிழ்நாட்டில் நடந்தது அதற்குக் குறைந்ததல்ல. அன்றைய திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரை மாவட்டங்களில் ஊர்ப் புறம்போக்கு, ரயில்பாதை ஓரம், கண்மாய்க்கரை, பொழி எங்கும் டில்லேனி மண்டிக்கிடந்தது. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அப்போது ராமநாதபுரம் மாவட்டம். வேலிக்கு அதைவிட மலிவான சரக்கு இல்லை. ஒரு தட்டைக் கிள்ளிப் போட்டால் வேர்விடும். அந்தக் குணமே தொல்லையாகவும் ஆனது. வெட்டிப்போட்டால் வெட்டிய துண்டெல்லாம் முளைக்கும். 1926இல் இலங்கையிலிருந்து டாக்டிலோபியஸ் ஒபன்ஷியே என்ற பூச்சி தென்னிந்தியாவுக்கு வந்தது. சாயப் பூச்சியின் இன்னொரு பங்காளி. பூச்சி பிடித்த தண்டுகளை வெட்டி நல்ல புதரின்மேல் எறிந்தால் போதும், பரவிவிடும். ஐந்தாறு ஆண்டுகளுக்குள் தென்னிந்தியாவில் சுமார் 40,000 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய ஒரு லட்சம் ஏக்கர், சப்பாத்திக்கள்ளியிலிருந்து விடுபட்டது.

அந்தப் பூச்சியை இப்போதும் பார்க்கலாம். எஞ்சியிருக்கும் நாகதாளிப் புதரில் வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று கவனியுங்கள். பஞ்சாலை ஊர்க்காரர் கண்ணுக்குக் கொட்டையிலிருந்து விடுபடாத பஞ்சு ஒட்டிக்கொண்டதுபோல இருக்கும். ஒரு குச்சியால் அந்தப் பஞ்சை விலக்கினால் உள்ளே மிளகில் பாதிகூட இல்லாத, கருஞ்சிவப்பான உருண்டை. நசுக்கினால் விரலெல்லாம் சிவப்பு. ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் காத்திருந்த சிவப்பு இதன் இனத்ததுதான். ரெதூத்தே காலத்து ஐரோப்பிய ஓவியர்கள் பூக்களுக்குத் தீட்டிய கார்மைனும் இதன் உறவு. பழத்தைத் தின்ற நாக்கில் ஏறும் சிவப்பு வேறு. அது செடி தானே செய்யும் நிறமி, பீட்ரூட்டில் இருப்பதன் வகை. ஒரே புதரில் இரண்டு சிவப்பு. ஒன்று செடியுடையது, மற்றது அதைத் தின்னும் பூச்சியுடையது.

வேலி போனபின் அந்த இடம் வெறுமையாக இருக்கவில்லை. சீமைக்கருவேலம் வந்து உட்கார்ந்தது. ஒரு வெளிநாட்டுச் செடி போய் இன்னொன்று வந்தது என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. நாகதாளி வேலி ஆளுயரம். அதற்கு அப்பால் மலை தெரியும். அதன் அடியில் கீரி, ஓணான், பாம்பு, கௌதாரி எல்லாம் குடியிருக்கும். 1876 முதல் 1878 வரையான தாது வருசப் பஞ்சத்தில் முள்ளைப் பொசுக்கி மாட்டுக்குத் தீனியாகப் போடும் யோசனை அரசு மட்டத்தில் பேசப்பட்டது. அது களைதான், தொல்லைதான். ஆனாலும் மூன்று நான்கு தலைமுறை நம் ஊர்களின் ஓரத்தைக் கட்டியிருந்த செடி. அது நின்ற காலத்து ஊரைப் படத்தில் காணாமல் அந்தக் காலத்து வாழ்வை முழுதாக எழுத முடியாது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பூவுக்கும் இலைக்கும் இருக்கிற மரியாதை எல்லாருக்கும் தெரியும். ஆண்டாள் கையில் தினமும் புதிதாக ஏறும் கிளிக்கு மூக்கு மாதுளம்பூ, உடம்பு இலை. நந்தவனத்துச் செடிகளுக்கெல்லாம் பாட்டும் படமும் உண்டு. ஊருக்கு வெளியே நின்ற நாகதாளிக்கு இங்கே இரண்டும் இல்லை. இன்று கேக்டஸ் குடும்பத்தில் வேறொரு செடிக்குத்தான் நம் வீடுகளில் அந்த மரியாதை கிடைக்கிறது. மாடித் தொட்டியில் வருசத்துக்குச் சில இரவுகள் மட்டும் வெள்ளை வெளேரென்று மலரும் ‘பிரம்ம கமலம்’. உண்மையான பிரம்ம கமலம் இமயமலையின் சூரியகாந்திக் குடும்பச் செடி. நாம் விளக்கேற்றிக் கும்பிடுவது மெக்சிகோப் பகுதியிலிருந்து வந்த எபிஃபில்லம் என்ற கேக்டஸ். இரவு பத்து மணிக்குத் தெருவே கூடி, கைபேசியில் படம் எடுத்து, விடிவதற்குள் எல்லாருக்கும் அனுப்பிவிடுகிறது. நம் வட்டாரத்தில் இதுவரை எந்தக் கள்ளிக்கும் இத்தனை படம் எடுத்ததில்லை.

அதனால் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு, சேத்தூர் வட்டாரத்து வீடுகளில் பரணிலும் இரும்புப் பெட்டியிலும் 1960க்கு முந்தைய புகைப்படங்கள் இருக்கின்றன: கல்யாணம், ஜவுளிக்கடைத் திறப்பு, பள்ளிக்கூட ஆண்டு விழா, காளை மாட்டுடன் நிற்கும் தாத்தா. படத்தில் இருக்கிற மனிதர்களின் பெயரைப் பின்புறம் எழுதும்போது, அவர்களுக்குப் பின்னால் வேலியாக நிற்பது என்ன செடி என்றும் ஒரு வரி எழுதி வையுங்கள். ஊர், காடு, ஆண்டு மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். தட்டையான தண்டில் முள் இருந்தால் அது நாகதாளி.